காட்டோடு பழகுதல்: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் கானகக் கல்வி பற்றிய தொடக்க விளக்கம்

காடு, மலை, ஆறு, ஏரிக்கரை போன்ற வெட்டவெளிகளில் ஒருவர் தம்மைத் தாமே காத்துக்கொண்டு, அந்த இடத்துக்கும் கேடு செய்யாமல், அங்கே நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ளப் படிப்படியாகப் பழகுவதையே கானகக் கல்வி என்கிறோம். திசையறிவது, தடம் பார்ப்பது, குடிக்கத் தக்க நீரைத் தேடிக்கொள்வது, வானத்தைப் பார்த்து மழையை எதிர்பார்ப்பது, கயிற்றில் முடிச்சிடுவது, முதலுதவி செய்வது ஆகியவை இதன் பாடங்கள். இவற்றைச் சாகசக்காரர்களுக்கான பயிற்சி என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இந்தத் திறன்கள் தேவைப்படுவதற்கு மிக எளிய காரணம் ஒன்று உண்டு. வழி தெரியாதவன் வழியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பான். பாம்புக்கு அஞ்சுகிறவன் காலடியைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டான். தாகத்தில் இருப்பவனுக்கு மரமும் பறவையும் கண்ணில் படாது. இந்த அச்சங்கள் ஒவ்வொன்றாகக் குறையும்போதுதான் இயற்கையைக் கவனிக்க மனத்தில் இடம் உண்டாகிறது. நெருக்கம் வேண்டுமானால் முதலில் திறன் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்தக் கல்வி ஒரு முறையான பயிற்சியாக உருவெடுத்தது கடந்த நூற்றாண்டில்தான். 1907இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1941இல் கல்வியாளர் கர்ட் ஹான் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரான அபர்டோவியில் தொடங்கிய பள்ளி, இளைஞர்களைக் கடலுக்கும் மலைக்கும் அழைத்துச் சென்று பயிற்றுவித்தது. நம் நாட்டில் 1954இல் டார்ஜிலிங்கிலும் 1965இல் உத்தரகாசியிலும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. ஆயினும் இந்த அறிவு வெளியிலிருந்துதான் நமக்கு வர வேண்டும் என்று நினைப்பது சரியன்று. அஞ்செட்டிக் காட்டோரத்தில் வெள்ளாடு மேய்ப்பவர், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர், தேன் எடுக்கப் பாறையில் இறங்கும் இருளர், சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் ஆகியோரின் அன்றாடப் பிழைப்பே இந்தத் திறன்களின்மேல்தான் நடக்கிறது. பள்ளிப் பாடத்தில் இடம்பெறாததால் அவர்களின் அறிவைக் கல்வியாக நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இது எனக்கு நீண்ட காலமாக இருந்துவரும் வருத்தம்.

கற்கும் இடத்தைப் பொறுத்தவரை, இந்த இரண்டு மாவட்டங்களும் கொடுத்துவைத்தவை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரியின் உயரம் ஏறத்தாழ அதில் பாதி. அங்கிருந்து காவிரியை நோக்கி நிலம் மேலும் இறங்குகிறது. இந்த இறக்கத்தில் கேழ்வரகு வயல்கள், மாந்தோப்புகள், புளியமரச் சாலைகள், பாறைக் கரடுகள், முட்புதர்க் காடுகள், கோடையில் இலையுதிர்க்கும் காடுகள், மூங்கில் புதர்கள் என்று நிலத்தின் முகம் மாறிக்கொண்டே வருகிறது. காவிரிக் கரையில் நீர்மருத மரங்கள் ஓங்கி நிற்கின்றன. சாம்பல் நிற மலை அணில் அவற்றின் கிளைகளில் வாழ்கிறது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் இப்பகுதிக் காடுகளில் அறிவிக்கப்பட்டன. கர்நாடகக் காடுகளோடு இவை தொடர்ச்சியாக இருப்பதால் யானைகள் மாநில எல்லையைப் பொருட்படுத்தாமல் வந்து போகின்றன.

ஆனால் தொடங்குகிறவர்கள் சரணாலயத்தில் தொடங்க வேண்டியதில்லை, தொடங்கவும் கூடாது. வீட்டிலிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ போகக்கூடிய ஏரிக்கரை, குட்டை, ஊரோரத்துக் கரடு, மாந்தோப்பு இவற்றில் ஒன்று போதும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அணையின் கரையும், ஓசூர்க்காரர்களுக்கு ராமநாயக்கன் ஏரியும், பாரூர் பக்கத்தவர்களுக்குப் பாரூர் ஏரியும் இருக்கின்றன. முதல் பயிற்சி மிக எளிது: ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு, வாரத்தில் சில நாள்களாவது, கைப்பேசியை எடுக்காமல் அரைமணி நேரம் அங்கே அசையாது அமர்ந்திருப்பது.

இந்தப் பயிற்சியைப் பலர் சோம்பலாகக் கருதிக் கடந்துபோய்விடுகிறார்கள். ஆனால் மற்ற எல்லாத் திறன்களுக்கும் இதுவே அடித்தளம் என்பது என் உறுதியான கருத்து. நாம் ஓரிடத்துக்குள் நுழையும்போது அங்கிருந்த சிறு பறவைகள் ஓசையடங்கி விலகுகின்றன. நாம் அசையாதிருந்தால் சிறிது நேரத்தில் அவை மீண்டும் தம் வேலைக்குத் திரும்புகின்றன. அப்போது கேட்கும் ஒலியே அந்த இடத்தின் வழக்கமான ஒலி. அந்த வழக்கம் காதுக்குப் பழகிய பிறகுதான், அதில் ஏற்படும் மாற்றம் செய்தியாகத் தெரியும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு புதரைச் சுற்றிக் கூச்சலிட்டால் உள்ளே பாம்போ கீரியோ பூனையோ இருக்கக்கூடும். ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமிட்டால், தரையில் கூழாங்கற்களுக்கு இடையே அதன் முட்டைகளோ குஞ்சுகளோ அருகில் இருக்க வாய்ப்புண்டு. வந்த வழியே, ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்துப் பின்வாங்குவதுதான் முறை. காட்டுக்குள் புள்ளிமானும் குரங்கும் எழுப்பும் எச்சரிக்கை ஒலியைப் புரிந்துகொள்வதற்கும் இதே பழக்கம்தான் உதவுகிறது. அமர்ந்திருந்த நாளின் தேதி, காற்றின் திசை, பூத்திருந்த மரம், கேட்ட ஒலி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவந்தால், புங்கன் எப்போது தளிர்க்கிறது, ஆவாரை எப்போது பூக்கிறது, ஏரிக்கு நீர்ப்பறவைகள் எப்போது வருகின்றன என்பது ஓர் ஆண்டில் நமக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது தடம் பார்த்தல். ஈர மண்ணும் புழுதிப் பாதையும் இதற்கு ஏற்றவை. நாய்க்காலின் தடத்தில் நகக்குறி பதியும். பூனையினத்தின் தடத்தில், அது நகத்தை உள்ளிழுத்து நடப்பதால், பெரும்பாலும் பதியாது. இதைத் தெருநாயையும் வீட்டுப் பூனையையும் வைத்தே கற்றுக்கொள்ளலாம். எச்சமும் நல்ல ஆசான்: ஆட்டுப் புழுக்கையும் மான் புழுக்கையும், விதைகள் நிறைந்த மரநாய் எச்சமும், நார் நிறைந்த யானை விட்டையும் அந்தந்த விலங்கு எதைத் தின்றது என்பதைச் சொல்கின்றன. கரையான் புற்று தோண்டிக் கிளறப்பட்டிருந்தால் அது கரடியின் வேலையாக இருக்கலாம். யானையின் முன்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரட்டித்தால் அதன் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். இந்த அளவீட்டைப் பழைய, காய்ந்த தடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். ஈரமும் மினுமினுப்பும் மாறாத விட்டையையோ, விளிம்பு உதிராத புதிய தடத்தையோ கண்டால் அளப்பதற்கு நேரமில்லை, திரும்பிவிட வேண்டும்.

திசையறிதலில் நம் நிலப்பகுதிக்கென்றே ஒரு நுட்பம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, அதன் நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். இருபது, முப்பது நிமிடம் கழித்து நிழல் நுனி நகர்ந்திருக்கும் இடத்தில் இரண்டாவது கல்லை வையுங்கள். சூரியன் மேற்கு நோக்கிச் செல்வதால் நிழலின் நுனி கிழக்கு நோக்கி நகரும்; ஆகவே முதற்கல் மேற்கு, இரண்டாம் கல் கிழக்கு. நடுப்பகலை ஒட்டிச் செய்தால் பிழை குறைவு. இதுவரை எல்லா நாட்டுக்கும் பொருந்தும். ஆனால் ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளில் ‘நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும்’ என்று ஒரு குறிப்பும் இருக்கும். தருமபுரி ஏறத்தாழ 12 டிகிரி வட அகலாங்கில் (அட்சரேகையில்) இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேராக வைத்துத் திசை காணும் முறையும் அப்போது நம்மை ஏமாற்றிவிடும். மேலும், நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு அன்று. இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள 82.5 டிகிரி நெட்டாங்கை (தீர்க்கரேகையை) கொண்டு கணக்கிடப்படுவதால், ஆண்டுச் சராசரியில் 12 மணி 17 நிமிடத்தை ஒட்டியே அது நடக்கிறது.

இரவிலும் இதே அகலாங்குக் கணக்கு உதவும். துருவ விண்மீன் வடக்குத் தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ அதுவே அந்த இடத்தின் அகலாங்கு. கையை முழுவதும் நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி; ஆகவே துருவ விண்மீன் நமக்குத் தொடுவானத்திலிருந்து ஒரு முஷ்டியைவிடச் சற்று அதிக உயரத்தில்தான் இருக்கும். வடக்கே ஒரு கரடு இருந்தாலே அது மறைந்துவிடும் என்பதால், மார்கழி, தை மாதங்களில் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் நடுவே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைப் பழகிக்கொள்வது நல்லது. அவை ஏறத்தாழ நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறைகின்றன.

வழி தவறினால் நிற்க வேண்டும், உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கடைசியாக அடையாளம் தெரிந்த இடம் எது என்று நினைவுகூர வேண்டும். அந்த இடம் வரை மட்டும் திரும்பிச் செல்ல முயல வேண்டும். ‘ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும்’ என்ற அறிவுரை பல நூல்களில் காணப்படுகிறது. நம் காடுகளில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓடைப் பள்ளங்களில் பார்வைத் தொலைவு குறைவு, செங்குத்தான பாறைச் சரிவுகள் உண்டு, விலங்குகள் நீருக்கு வருவதும் அங்கேதான். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைப் புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம், மற்ற எந்தக் கருவியையும்விடப் பயனுடையது.

தண்ணீரைப் பற்றிய பாடம் இந்த மாவட்டங்களில் பொதுவான கையேடுகளில் உள்ளதைவிட ஒரு படி அதிகம். ஓடை நீரைத் தெளியவைத்து, மடித்த பருத்தித் துணியில் வடிகட்டி, நன்கு கொதி வந்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டால் நோய்க்கிருமிகள் அழியும். ஆனால் நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் பாறைகளிலிருந்து கரைந்த ஃபுளோரைடு மிகுதியாக இருக்கிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் பற்களில் கறையும் எலும்புப் பாதிப்பும் உண்டாகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது. கொதிக்கவைப்பதால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். சாதாரணத் துணியோ மணலோ வடிகட்டுவதாலும் அது போகாது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகவே காவிரி நீரை இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவருகிறது. ஒருநாள் நடையில் ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பதால் தீங்கு வந்துவிடாது. எனினும், காண்பதற்குத் தெளிவாக இருக்கும் நீருக்குள் நிலத்தின் பாறையும் சேர்ந்தே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

நீரில் இறங்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காவிரியில் கர்நாடக அணைகளிலிருந்து நீர் திறக்கப்பட்டால் ஒகேனக்கல்லில் வரத்து விரைவில் உயரும். குளிக்கவும் பரிசல் இயக்கவும் விதிக்கப்படும் தடையை மதிக்க வேண்டும். கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கும் மழைநீர் அதைவிடவும் ஏமாற்றக்கூடியது: ஓரம் என்று ஒன்று இல்லாமல் முதல் அடியிலேயே ஆழம் தொடங்கிவிடும், ஏறிவரப் பிடிப்பும் இருக்காது. ஒருவர் மூழ்கினால் உடனே குதிக்காமல், கரையில் படுத்துக்கொண்டு கழியையோ சேலையையோ நீட்டுவதும், மூடிய காலிக் குடத்தைக் கயிற்றில் கட்டி எறிவதும் சிறுவர்களும் கற்கக்கூடிய மீட்பு முறைகள்.

பாம்புகளில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் படத்திலாவது அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். சுருட்டை விரியன் வறண்ட பாறைநிலத்தில் கற்களுக்கு அடியில் பதுங்கும். அதனால் கரடுகளில் கல்லைக் கையால் புரட்டக் கூடாது, பார்க்காத இடுக்கில் கையை வைத்து ஏறக் கூடாது. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் உறங்குபவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். ஆகவே தோட்டத்தில் தங்கும்போது கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு படுக்க வேண்டும். கடிபட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கு செய்யும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் சிம்பு (தாங்கு கட்டை) வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, 108 ஊர்தியை அழைத்து நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அந்த நால்வகைப் பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே கூட்டு நஞ்சுமுறி மருந்து தரப்படுவதால், பாம்பைத் தேடிப் பிடிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

யானையைப் பொறுத்தவரை தேவையான திறன் ஒன்றே: அதைச் சந்திக்காமல் இருப்பது. ஐப்பசி தொடங்கி மாசி வரை, கேழ்வரகு முற்றி அறுவடையாகும் காலத்தில், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூரை அடுத்த சானமாவு ஆகிய காட்டுப் பகுதிகளில் யானைக் கூட்டங்களின் நடமாட்டம் அதிகம். அங்குள்ள உழவர்கள் இரவெல்லாம் காவல் இருந்து, பயிரையும் சில வேளைகளில் உயிரையும் இழக்கிறார்கள். அவர்களிடம் போய் யானையைக் காட்டுங்கள் என்று கேட்பதும், கூட்டத்தைப் படமெடுக்க வண்டியை நிறுத்திப் பின்தொடர்வதும் அந்தத் துயரத்தைக் கூட்டும் செயல்கள்.

தீ மூட்டுவதைக் களத்துமேட்டிலோ வீட்டு முற்றத்து அடுப்பிலோ மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: சருகு, சுள்ளி, விறகு என்ற வரிசையும், காற்றுக்கு இடம் விடுவதும், இறுதியில் நீர் ஊற்றிச் சாம்பலைத் தொட்டுப் பார்த்து அணைந்ததை உறுதிசெய்வதும் பாடம். மாசி முதல் வைகாசி வரை இலையுதிர் காட்டில் ஒரு பொறி போதும் என்பதால் காட்டுக்குள் தீக்கே இடமில்லை. கயிற்றில், இழுத்தால் இறுகாத வளைய முடிச்சு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டும் போடத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். மாட்டின் கழுத்துக்குக் கயிறு கட்டத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கொண்டுபோக வேண்டியவை தண்ணீர், தொப்பி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், விசில், கைவிளக்கு, மூடிய காலணி. சித்திரையில் பிற்பகல் இடி கேட்டால் ஒற்றைப் புளியமரத்தின் கீழ் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இத்தனையும் ஊரோரத்தில் பழகிய பிறகுதான் காட்டுக்குள் நடப்பது. காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களுக்குப் பொருந்தும். இந்த விதிகளைத் தொல்லையாகக் கருதுவோர் 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். அதன் பிறகு மாநில அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளை வகுத்தது. 2024இல் தமிழ்நாடு வனத்துறை இணையவழி முன்பதிவுடன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. காட்டை ஒட்டிய ஊர்களையும் பழங்குடி இனங்களையும் சேர்ந்த இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். அவர்களோடு நடக்கும்போது குறிப்பேட்டைக் கையில் வைத்திருங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் அவர்கள் சொல்லும் பெயரை முதலில் எழுதிக்கொண்டு, நூலில் உள்ள பெயரை வீட்டுக்கு வந்து அதன் அருகில் சேர்த்துக்கொள்ளலாம்.